தின்மல்: அட்லஸ் மலையின் ஒரு சிற்றூரும் அதன் வரலாறும்

இஸ்லாமிய மேற்கின் வரலாற்றைக் கற்போர் மராக்கிஷ், ஃபாஸ், குர்துபா, இஷ்பீலியா ஆகிய மாநகரங்களின் பெயர்களை நன்கறிவர். இந்நான்கு நகரங்களையும் ஆண்ட முவஹ்ஹிதுப் பேரரசு பிறந்த இடமோ ஒரு மாநகரன்று; அட்லஸ் மலைத்தொடரின் மடியில் ஓர் ஆற்றங்கரையில் அமைந்த தின்மல் என்னும் சிற்றூர். திரிப்போலியிலிருந்து அட்லாண்டிக் கரை வரையும், வடக்கே அந்தலூஸ் வரையும் பரந்த ஓர் அரசின் முதல் தலைநகரம், இன்று மொராக்கோவின் அல்ஹவ்ஸ் மாகாணத்தில் மண்வீடுகளும் வாதுமை மரங்களும் சூழ்ந்த எளிய மலைக்கிராமமாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இவ்வூரும் இதன் புகழ்பெற்ற பள்ளிவாசலும் பெரும் சேதமுற்றபோதுதான் உலகின் பார்வை மீண்டும் ஒருமுறை இதன்மேல் விழுந்தது.

இச்சிற்றூரின் நில அமைப்பையும் வரலாற்றையும் இங்கு நாம் சுருக்கமாக நோக்குவோம். ஒரு பேரரசின் பெருமையைப் பாடுவது நமது நோக்கமன்று. தின்மலின் வரலாற்றில் பெருமையும் உண்டு, குருதியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே அது நமக்குப் பாடமாகிறது.

மலையும் ஆறும்

மராக்கிஷ் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், உயர் அட்லஸ் மலைகளின் நடுவே, நஃபீஸ் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் தின்மல் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். ஊரைச் சுற்றிலும் செம்மண்ணும் பாறையுமான சரிவுகள். அவற்றுக்கு அப்பால் குளிர்காலத்தில் பனி போர்த்திய சிகரங்கள். வட ஆப்பிரிக்காவிலேயே உயரமான தூப்கால் சிகரமும் (4,167 மீட்டர்) இம்மலைத்தொடரிலேயே உள்ளது. பனி உருகிய நீரும் மழைநீரும் சேர்ந்து நஃபீஸ் ஆறாகி, வடக்கே இறங்கி, ஹவ்ஸ் சமவெளியை அடைந்து தன்ஸிஃப்த் ஆற்றில் கலக்கின்றன.

மலைமக்களின் வாழ்வு இந்த ஆற்றைப் பற்றியே நிற்கிறது. சரிவுகளில் கல்லடுக்கிப் படிப்படியாக அமைத்த சிறு வயல்களில் வாற்கோதுமையும் காய்கறியும் விளைகின்றன. வரப்புகளில் ஒலிவமும் வாதுமையும் அக்ரோட்டும் நிற்கின்றன. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களை அம்மக்கள் தம் மொழியில் ‘தர்கா’ என்பர். எந்த வயலுக்கு எந்நேரம் நீர் பாயவேண்டும் என்னும் முறையை ஊர் ஜமாஅத்தே தீர்மானிக்கிறது. ஒருவர் மடையை மற்றவர் மீறித் திறந்தால் பயிர் மட்டுமன்றி உறவும் அழியும் என்பதால், கூடிப் பேசி முடிவெடுப்பது இம்மக்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. அவர்கள் பேசுவது பெர்பர் மொழியின் ஒரு கிளையான தஷல்ஹீத். தம்மை அமாஸிக் மக்கள் என அழைத்துக்கொள்வர். பண்டை அரபு வரலாற்றாசிரியர்கள் இம்மலைக் குலங்களை மஸ்மூதா என்னும் பொதுப்பெயரால் குறித்தனர்.

இப்பள்ளத்தாக்கு வெறும் விளைநிலமாக மட்டும் இருந்ததில்லை. அது ஒரு வழியுமாகும். வடக்கே மராக்கிஷ் சமவெளியையும் தெற்கே ஸூஸ் நிலப்பகுதியையும் இணைக்கும் மலைப்பாதைகளுள் ஒன்று நஃபீஸ் ஆற்றை ஒட்டி ஏறி, 2,092 மீட்டர் உயரமுள்ள தீஸின்தெஸ்த் கணவாயைக் கடந்து செல்கிறது. இப்பாதையைக் கையில் வைத்திருப்பவர் சமவெளி அரசின் தென்திசை வாயிலைக் கையில் வைத்திருப்பவர் ஆவார். குதிரைப்படையே வலிமையென இருந்த காலத்தில், ஒடுங்கிய மலைவழிகள் காலாட்களான மலைமக்களுக்கு இயற்கை அளித்த கோட்டைகளாயின. தின்மலின் வரலாறு இந்த நில அமைப்பிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

இப்னு தூமர்த்தின் வருகை

பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொராக்கோவை ஆண்டவர்கள் முராபிதுகள். பாலைவனத்திலிருந்து வந்து, 1070ஆம் ஆண்டையொட்டி மராக்கிஷ் நகரை நிறுவி, மாலிகி மத்ஹபின் சட்ட அறிஞர்களைத் துணையாகக் கொண்டு அவர்கள் ஆட்சி செய்தனர். அவ்வாட்சியில் சட்ட நூல்களின் கிளைப்பிரிவுகளுக்குக் கிடைத்த மதிப்பு, அகநெறிக்கும் இறையியலுக்கும் கிடைக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூல் 1109ஆம் ஆண்டில் குர்துபாவில் அரசாணையின்படி எரிக்கப்பட்டது இதற்கு எடுத்துக்காட்டு.

இச்சூழலில்தான் ஸூஸ் பகுதியின் ஹர்கா குலத்தைச் சேர்ந்த முஹம்மது இப்னு தூமர்த் கல்விக்காகக் கிழக்குத் தேசங்களுக்குச் சென்று திரும்பினார். அவர் இமாம் கஸ்ஸாலியைச் சந்தித்ததாகவும், தம் நூல் எரிக்கப்பட்ட செய்தியைக் கேட்டு இமாம் அவர்கள் முராபிதுகளின் வீழ்ச்சியை வேண்டிப் பிரார்த்தித்ததாகவும் முவஹ்ஹிது மரபு சொல்லும். ஆயினும் இமாம் கஸ்ஸாலி 1095ஆம் ஆண்டிலேயே பக்தாதின் ஆசிரியப் பதவியைத் துறந்துவிட்டார். இப்னு தூமர்த் கிழக்கே சென்ற காலத்தில் அவர் தொலைவிலுள்ள குராஸானில் இருந்தார். எனவே இச்சந்திப்பை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஒரு பேரறிஞரின் பெயரைத் தம் இயக்கத்துக்கு ஆதாரமாக்கிக்கொள்ளும் விழைவையே இக்கதை காட்டுகிறது.

திரும்பும் வழியில், பிஜாயாவுக்கு அருகிலுள்ள மல்லாலா என்னும் இடத்தில், கூமியா குலத்து இளைஞர் அப்துல் முஃமின் அவரைச் சந்தித்து மாணவரானார். இறையொருமையை அனைத்துக்கும் மேலாக வலியுறுத்தியதால் இவர்கள் ‘அல்முவஹ்ஹிதூன்’ எனப்பட்டனர். தீமையைத் தடுத்தல் என்னும் கடமையை இப்னு தூமர்த் வழியெங்கும் கடுமையாகவே நிறைவேற்றினார். மராக்கிஷில் அமீர் அலீ பின் யூசுஃபின் அவையிலும் சட்ட அறிஞர்களோடு வாதிட்டார். பின்னர் தம் பிறந்த மண்ணாகிய ஈகிலீஸ் மலைக்குச் சென்று, 1121ஆம் ஆண்டில் (ஹி. 515) தம்மை எதிர்பார்க்கப்பட்ட மஹ்தி என அறிவித்தார். 1124ஆம் ஆண்டையொட்டி (ஹி. 518) அவர் இயக்கத்தின் இருப்பிடத்தைத் தின்மலுக்கு மாற்றினார்.

இம்மாற்றம் அமைதியாக நிகழவில்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ஊரின் பழைய குடிகள் பலர் கொல்லப்பட்டு, அவர்களது வீடுகளும் நிலங்களும் வந்தவர்களுக்குப் பங்கிடப்பட்டன எனப் பண்டை வரலாற்றேடுகள் கூறுகின்றன. பின்னர் 1129ஆம் ஆண்டையொட்டி, ‘தம்யீஸ்’ என்னும் பெயரில், இயக்கத்தினுள்ளேயே ஐயத்துக்குரியோர் எனக் கருதப்பட்டோர் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஏடுகள் தரும் எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம், நிகழ்வை மறுப்பதற்கில்லை. தாம் பிழையற்றவர், மஃஸூம், என ஒரு தலைவர் உரிமை கொண்டாடும்போது, அவரோடு மாறுபடுவோரின் உயிருக்கு எந்தப் பாதுகாப்பும் எஞ்சுவதில்லை.

ஒரு மலையூர் பாடசாலையானது

ஆயினும் தின்மலில் நிகழ்ந்தது வன்முறை மட்டுமே என்பதும் முழு உண்மையாகாது. அரபு மொழி அறியாத மலைமக்களுக்குத் தீனின் அடிப்படைகளை அவர்தம் தாய்மொழியிலேயே கற்பித்தவர் இப்னு தூமர்த். அகீதாவைப் பற்றிய அவரது சிறு நூல்கள் மனனம் செய்வதற்கேற்ற வடிவில் அமைந்தவை. பெர்பர் மொழியிலும் அவர் நூல் இயற்றினார். வரலாற்றேடுகளில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஃபாத்திஹா ஓத இயலாத மலைவாசிகளை அவர் வரிசையாக நிறுத்தி, அந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொருவருக்குப் பெயராகச் சூட்டினாராம். தோழர்களை வரிசைப்படி பெயர் சொல்லி அழைக்கப் பழகிய அவர்கள், சில நாட்களில் ஃபாத்திஹா முழுவதையும் மனனமாக ஓதினர். நிகழ்ந்ததோ புனைந்ததோ, எளியோரின் நாவுக்கு வேதத்தைக் கொண்டுசேர்க்கும் வழியை அவர் அறிந்திருந்தார் என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. பின்னாளில் முவஹ்ஹிதுகள் ஃபாஸ் நகரைக் கைப்பற்றியபோது, கரவிய்யீன் பள்ளியின் கதீபுக்குப் பெர்பர் மொழியும் தெரிந்திருக்கவேண்டும் என நிபந்தனை விதித்ததும் இதே போக்கின் தொடர்ச்சியே.

ஆட்சியமைப்பிலும் மலைமரபைத் தழுவியே அவர் நடந்தார். பதின்மர் கொண்ட உயர் அவை, குலப் பிரதிநிதிகளான ஐம்பதின்மர் அவை என்னும் அடுக்குகளில், ஜமாஅத்தாகக் கூடிப் பேசும் மலைவழக்கமே புதிய வடிவம் பெற்றது. ஆனால் இறுதிச் சொல் மஹ்தியினுடையதாகவே இருந்தது. பழைய கூட்டமைப்பும் புதிய ஒற்றையாட்சியும் இவ்வூரில் ஒருங்கே வாழ்ந்தன எனலாம்.

முராபிதுகள் இந்த மலையூரைக் கண்டு அஞ்சினர் என்பதற்கு மராக்கிஷின் மதில்களே சான்று. அதுவரை மதிலின்றி இருந்த தலைநகரைச் சுற்றி 1126 - 1127 காலத்தில் அவர்கள் மதில் எழுப்பினர். மலையடிவாரங்களில் தஸ்கீமூத் போன்ற கோட்டைகளைக் கட்டினர். 1130ஆம் ஆண்டில் முவஹ்ஹிதுகள் மராக்கிஷைத் தாக்கி, புஹைரா போரில் படுதோல்வி கண்டனர். அவ்வாண்டிலேயே இப்னு தூமர்த் தின்மலில் இறந்து அங்கேயே அடக்கப்பட்டார். அவரது மரணம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் மறைக்கப்பட்டதாக ஏடுகள் கூறும். பின்னர் அப்துல் முஃமின் தலைமையேற்றார். அவர் சமவெளியில் குதிரைப்படையோடு மோதுவதைத் தவிர்த்து, மலைகளை ஒட்டியே பல்லாண்டுகள் படை நடத்தி, 1147ஆம் ஆண்டில் (ஹி. 541) மராக்கிஷைக் கைப்பற்றினார்.

பள்ளிவாசல்

தலைநகரம் மராக்கிஷுக்குப் பெயர்ந்தபின் தின்மல் ஆட்சிப்பீடமாக இருக்கவில்லை. அது புனித நினைவிடமாயிற்று. 1153ஆம் ஆண்டையொட்டி அப்துல் முஃமின் தம் ஆசிரியரின் அடக்கத்தலத்துக்கு அருகே எழுப்பிய பள்ளிவாசலே இன்றளவும் ஊரின் அடையாளம். ஏறத்தாழ 48 மீட்டர் நீளமும் 43 மீட்டர் அகலமும் கொண்ட இக்கட்டடம், செங்கல் தூண்களாலும், திமிசுக்கட்டை கொண்டு இடித்து இறுக்கிய மண்சுவர்களாலும் ஆனது. கிப்லாச் சுவரை நோக்கிச் செல்லும் ஒன்பது நடைகளுள் நடுநடையும், அச்சுவரை ஒட்டிக் குறுக்கே செல்லும் அகன்ற நடையும் சேர்ந்து இலத்தீன் ‘T’ எழுத்தைப் போன்ற ஒரு கோட்டுவடிவை அமைக்கின்றன. மிஹ்ராபுக்கு முன்னேயும் குறுக்குநடையின் இரு முனைகளிலும் முகர்னஸ் வேலைப்பாடமைந்த விதானங்கள் இருந்தன. வழக்கத்துக்கு மாறாக, மினாரா மிஹ்ராபின் மேலேயே எழுப்பப்பட்டது.

மராக்கிஷின் புகழ்பெற்ற குதுபிய்யா பள்ளிக்கும் இதற்கும் அமைப்பில் நெருங்கிய ஒற்றுமை உண்டு. இஷ்பீலியாவின் ஜிரால்டா கோபுரம், ரபாத்தின் ஹஸ்ஸான் கோபுரம் ஆகியவற்றில் முதிர்ந்து விளங்கும் முவஹ்ஹிதுக் கலையின் இளம்பருவத்தை நாம் இம்மலையூரில் காண்கிறோம். தேவையற்ற அலங்காரத்தைத் தவிர்த்து, வளைவுகளின் ஒழுங்கிலும் வெண்சுதையின் தூய்மையிலும் அழகைக் காண்பதே அக்கலையின் இயல்பு.

அப்துல் முஃமினும், அவர் மகன் அபூ யஃகூப் யூசுஃபும், பேரர் யஃகூப் அல்மன்ஸூரும் மாநகரங்களில் ஆண்டபோதிலும் இம்மலையூரிலேயே அடக்கம் பெற்றனர். இவர்களுள் அபூ யஃகூப் யூசுஃப், இப்னு துஃபைல் வழியாக இப்னு ருஷ்தை அவைக்கு அழைத்து, அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு உரையெழுதத் தூண்டியவர். அவ்வுரைகளே பின்னர் ஐரோப்பாவின் சிந்தனையை மாற்றின. அவர் மகன் அல்மன்ஸூரோ 1195ஆம் ஆண்டில் அல்அரக் போரில் காஸ்தீலியரை வென்ற அதே காலத்தில் இப்னு ருஷ்தை நாடுகடத்தி, இறுதியில் மீண்டும் அழைத்துக்கொண்டவர். இதே முவஹ்ஹிது ஆட்சியில்தான் யூதரும் கிறித்தவரும் திம்மிகளுக்குரிய பாதுகாப்பை இழந்தனர். குர்துபாவில் பிறந்த யூத மேதை மூஸா பின் மைமூனின் குடும்பம் இடம்பெயர்ந்து, ஃபாஸில் சில காலம் தங்கி, 1165ஆம் ஆண்டில் கிழக்கே புறப்பட்டது. அறிவைப் போற்றிய கையும் அயலாரை விரட்டிய கையும் ஒரே அரசினுடையவை என்பதை நேர்மையுள்ள வரலாறு சொல்லியே தீரவேண்டும்.

வீழ்ச்சி

1212ஆம் ஆண்டில் இகாப் போரில் முவஹ்ஹிதுகள் தோற்றபின் பேரரசு தளர்ந்தது. ஆனால் தின்மலுக்கு நேர்ந்த பெரிய அடி பகைவரிடமிருந்து வரவில்லை, அரசகுடும்பத்திலிருந்தே வந்தது. 1229 - 1230 காலத்தில் கலீஃபா இத்ரீஸ் அல்மஃமூன், இப்னு தூமர்த்தின் மஹ்தி உரிமையையும் பிழையற்ற தன்மையையும் வெளிப்படையாக மறுத்து, குத்பாவிலிருந்தும் நாணயத்திலிருந்தும் அவர் பெயரை நீக்கினார். முவஹ்ஹிது ஷெய்குகள் பலரைக் கொன்றார். எந்த நம்பிக்கையின்மேல் அரசு எழுந்ததோ அந்நம்பிக்கையை அரசே கைவிட்டது.

மலைமக்களோ கைவிடவில்லை. 1269ஆம் ஆண்டில் மரீனியர்கள் மராக்கிஷைக் கைப்பற்றியபின்பும் முவஹ்ஹிதுகளின் கடைசிப் புகலிடமாகத் தின்மல் சில ஆண்டுகள் நின்றது. 1276ஆம் ஆண்டையொட்டி அதுவும் வீழ்ந்தது. அப்போது கலீஃபாக்களின் கப்றுகள் தோண்டப்பட்டு உடல்கள் இழிவுபடுத்தப்பட்டன. மரீனிய ஆட்சியாளருக்கே இச்செயல் உவப்பாக இருக்கவில்லை எனப் பதிவாகியுள்ளது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய இப்னு கல்தூன், தம் காலத்திலும் மஹ்தியின் அடக்கத்தலத்தை அம்மலைமக்கள் போற்றி, அங்கே குர்ஆன் ஓதி வந்ததைக் குறிப்பிடுகிறார்.

குலவுணர்வாகிய ‘அஸபிய்யா’வைப் பற்றி இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஆராயும்போது, முவஹ்ஹிதுகளை ஒரு முக்கிய எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். மஸ்மூதாக்களைவிட வலிமையும் நாடோடி வீரமும் மிக்க ஸனாத்தாக்களை அவர்கள் வெல்ல முடிந்ததற்கு, குலவுணர்வோடு சமய அழைப்பும் சேர்ந்ததே காரணம் என்பது அவர் கருத்து. அச்சமயச் சாயம் வெளுத்தபோது வெற்றி கைமாறிற்று. தின்மலின் வரலாற்றை நோக்கும்போது இதனோடு நாம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மலை தந்த ஒற்றுமை, நீரைப் பங்கிட்டு வாழும் சிறு ஊர்களின் ஒற்றுமையாகும். அது கண்டங்களை ஆளும் அரசாக மாறியபோது தன் வேரைத் தானே அறுத்துக்கொண்டது. இறங்கிச் சென்ற அரசு மலைக்குத் திரும்பியது அடக்கம் செய்யப்படுவதற்காக மட்டுமே.

அதன்பின் பல நூற்றாண்டுகள் தின்மல் ஒரு மலைக்கிராமமாகவே வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இப்பள்ளத்தாக்கைக் குந்தாஃபி காயிதுகள் ஆண்டனர். கணவாய்வழியே அவர்களது அதிகாரத்துக்கும் அடிப்படையாக இருந்தது. பிரெஞ்சு ஆதிக்கக் காலத்தில் கணவாயினூடே வாகனச் சாலை அமைந்தது. 1920களில் அன்றி பாஸே, அன்றி தெராஸ் என்னும் ஆய்வாளர் இருவர் பள்ளிவாசலை விரிவாக ஆராய்ந்தனர். 1990களில் அது ஒருமுறை சீரமைக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்மொழிவுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

2023ஆம் ஆண்டும் அதன் பின்னும்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் இரவு, 6.8 அளவிலான நிலநடுக்கம் உயர் அட்லஸைத் தாக்கியது. மொராக்கோவில் 2,900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலைமாகாணங்களில் வாழ்ந்தோர். தின்மல் அடங்கிய தலத் நயஃகூப் வட்டாரம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. பாறைகள் சரிந்து சாலை அடைபட்டதால் உதவி வந்துசேரத் தாமதமாயிற்று. ஒருகாலத்தில் படைகளைத் தடுத்து ஊரைக் காத்த அதே ஒடுங்கிய மலைவழி, இம்முறை மீட்புப் பணியாளரைத் தடுத்து நிறுத்தியது. நடந்துகொண்டிருந்த சீரமைப்பு வேலையின் நடுவே பள்ளிவாசலின் வளைவுகளும் சுவர்களும் பெருமளவு இடிந்தன. பின்னர் இடிபாடுகளைப் பிரித்து வகைப்படுத்தி, இயன்றவரை பழைய செங்கற்களைக் கொண்டே அதனை மீட்டெழுப்பும் பணி தொடங்கப்பட்டது.

இத்தகைய தருணங்களில் உலகின் கவலை நினைவுச்சின்னத்தைச் சூழ்ந்துகொள்வது இயல்பே. ஆனால் பள்ளிவாசல் என்பது தொழுவோருக்காக எழுந்தது. அதன் வளைவுகள் மீண்டும் நிமிர்ந்து, அதைச் சுற்றியுள்ள மண்வீடுகள் நிமிராது போனால், நாம் காப்பது கட்டடத்தின் உடலை மட்டுமே. வாய்க்காலைத் தூர்வாரவும், படிவயலின் சரிந்த கல்லை எடுத்து அடுக்கவும், அங்கே மக்கள் இருக்கவேண்டும். தின்மலின் எட்டு நூற்றாண்டுத் தொடர்ச்சியைக் காத்தவர்கள் கலீஃபாக்கள் அல்லர். ஏடுகளில் பெயர் இடம்பெறாத இந்த உழவர்களும், மேய்ப்பர்களும், சிறுவர்க்குக் குர்ஆன் ஓதக் கற்பித்த ஃபகீஹ்களுமே ஆவர்.

தின்மல் நமக்குச் சொல்வது யாது? பிழையற்ற தலைவர் என்னும் உரிமைக்கோரிக்கை, அதனால் வாழ்ந்த அரசகுலத்தின் கையாலேயே நூறாண்டுகளில் அழிந்தது. அந்த உரிமையின் பெயரால் கொல்லப்பட்ட தின்மலின் பழைய குடிகளுக்கு ஒரு நினைவுக்கல்லும் இல்லை. நிலைத்தவை வேறு: மலைவாசியின் தாய்மொழியில் சென்றடைந்த கலிமா, கூடி முடிவெடுக்கும் ஜமாஅத், மண்ணாலும் செங்கல்லாலும் எழுந்த ஒரு தொழுமிடம். இஸ்லாமிய வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படிப்போர் முதலாவதை மறைப்பர். பழிக்க மட்டும் படிப்போர் இரண்டாவதை மறைப்பர். நஃபீஸ் ஆற்றங்கரையின் இச்சிற்றூர் இரண்டையும் தன் மண்ணில் ஒருங்கே வைத்திருக்கிறது. அதனை மீண்டும் கட்டியெழுப்பும் கைகளுக்கு இறைவன் வலிமை அருள்வானாக!